தேர்ச் சிற்பங்களில் கலப்புருவங்கள்



தேர்த் திருவிழாவைக் காணாத தமிழர் அரியர். வடம் பிடிப்போரின் ஆரவாரமும், மேளத்தின் முழக்கமும், வானளாவ அசைந்துவரும் தேரின் பொலிவும் நம் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. நாம் அன்றாடம் வழங்கும் மொழியிலேயே தேர் இடம்பெற்றுவிட்டது. ஒரு காரியத்தைத் தடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்கிறோம். தேர்ச் சக்கரத்தின் அடியில் கொடுத்து அதன் ஓட்டத்தை அடக்கும் கட்டையே முட்டுக்கட்டை. தொடங்கிய செயல் நன்கு முடிந்தால் 'தேர் நிலைக்கு வந்தது' என்று மகிழ்கிறோம். வள்ளுவர் பெருமான்கூட, உருவத்தால் சிறியவரை இகழலாகாது என்று அறிவுறுத்த வந்தபோது, பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி இன்றியமையாததாய் இருப்பதையே உவமையாக எடுத்துக்கொண்டார்.

ஆயினும், தேர் ஓடும்போது நாம் காண்பது பெரும்பாலும் அதன் மேற்பகுதியையே. மூங்கிலால் கட்டி, வண்ணச் சீலைகளாலும் தொம்பைகளாலும் அலங்கரித்த அந்த உயர்ந்த பகுதி, திருவிழா முடிந்ததும் அவிழ்க்கப்பட்டுவிடும். ஆண்டு முழுவதும் தேரடியில் நிற்பது மரத்தாலாகிய அடிப்பகுதி மட்டுமே. திருவிழா இல்லாத ஒரு நாளில், மாலை வெயில் சாய்வாக விழும் வேளையில், அந்த அடிப்பகுதியை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான சிற்பப் பலகைகள் அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். கடவுளரும் அடியவரும் அரசரும் ஆடல் மகளிரும் அங்கே இருப்பர். அவர்களோடு, எந்தக் காட்டிலும் எந்த விலங்குக் காட்சிச்சாலையிலும் காணமுடியாத சில உயிர்களும் இருக்கும். சிங்கத்தின் உடலில் யானையின் துதிக்கை. முதலையின் வாயும் இலைக்கொடியின் வாலும். மனிதத் தலையும் விலங்கின் கால்களும். இக்கலப்புருவங்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் மரச் சிற்பத்தின் தொன்மையைச் சிறிது நோக்குவோம். கல்லில் கோயில் எழுவதற்கு முன்னரே நம் நாட்டில் மரத்திலும் செங்கல்லிலும் கோயில்கள் எழுந்தன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன், விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரையைக் குடைந்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி மும்மூர்த்திகளுக்கு அதனை எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு பெருமிதத்தோடு கூறுகிறது. இல்லாதவற்றை இவ்வாறு எண்ணிக் கூறியதனாலேயே, அதுவரை இருந்த வழக்கம் இன்னதென்பது புலனாகின்றது அன்றோ? மாமல்லபுரத்து ஒற்றைக்கல் கோயில்களை மக்கள் 'ரதங்கள்' என்று வழங்குகின்றனர். அவை தேர்கள் அல்ல. எனினும் அவற்றின் கூரைகளிலும் தூண்களிலும் மரத்தச்சரின் கைவண்ணத்தைக் கல்தச்சர் பின்பற்றியிருப்பதை நன்கு காணலாம்.

தேர்த் திருவிழாவும் பழமையானதே. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனப் பயணி பாகியான், பாடலிபுத்திர நகரில் மூங்கிலால் ஐந்து அடுக்காகக் கட்டிய நாற்சக்கரத் தேர்கள் ஊர்வலமாய் வந்ததை எழுதிவைத்துள்ளார். ஏறத்தாழ 20 தேர்கள் வந்தன என்பது அவர் கணக்கு. தமிழகத்தில் அப்பர் பெருமானின் தேவாரம் திருவாரூர் ஆழித்தேரைக் குறிப்பிடுகிறது. இன்று அங்கு நாம் காணும் தேர் அப்பர் கண்ட தேர் அன்று. பழைய தேர் 1920களில் தீக்கிரையாயிற்று. பின்னர் வேறு தேர் செய்யப்பட்டது. இடையில் பல்லாண்டு ஓடாதிருந்து, 1970ஆம் ஆண்டில் மீண்டும் ஓடியது. அலங்காரத்தோடு 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது அத்தேர்.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். மரம் அவ்வாறு நிற்பதில்லை. மழையும் வெயிலும் கரையானும் தீயும் அதற்குப் பகை. ஆகையால் இன்று எஞ்சியுள்ள பழந்தேர்களில் பெரும்பாலானவை நாயக்கர் காலத்தின் பிற்பகுதியையோ அதற்கும் பிற்பட்ட காலத்தையோ சேர்ந்தவை. ஒடிசா மாநிலத்துப் பூரி நகரில் ஆண்டுதோறும் தேரைப் புதிதாகச் செய்கின்றனர். நாமோ ஒருமுறை செய்த தேரைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி ஓட்டுகிறோம். அதனாலேதான் நம் தேரின் அடிப்பகுதியில் இத்தனைச் சிற்பங்களைச் செதுக்கிவைக்க இடமும் பயனும் ஏற்பட்டன.

இனி, கலப்புருவங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தேரின் மூலைகளில் முன்னோக்கிப் பாய்ந்து நிற்பது யாளி. சிங்க உடலும், பிதுங்கிய விழிகளும், பலவேளை யானைத் துதிக்கையும் கொண்டது. வடமொழியில் இதனை வியாளம் என்பர். யாளியைப் பிற்காலக் கற்பனை என்று எண்ணிவிட வேண்டா. சங்க நூல்களிலேயே 'ஆளி' என்னும் விலங்கு பேசப்படுகிறது. இளமையிலேயே போரில் வென்ற கரிகாற் சோழனை, முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்ற ஆளிக் குட்டிக்குப் பொருநராற்றுப்படை ஒப்பிடுகிறது. காட்டில் வலிமை மிக்க சிங்கத்தையும் யானையையும் ஒன்றாக்கினால் எத்துணை வலிமை பிறக்கும்! அவ்வலிமையே தேரைத் தாங்குவதாகச் சிற்பி காட்டுகிறான்.

அடுத்து மகரம். முதலையின் வாய், யானையின் துதிக்கை, அதன் பின்னே வால். அந்த வால் இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் கூர்ந்து நோக்கவேண்டும். மகரத்தின் உடல் எங்கே முடிகிறது, இலைக்கொடி எங்கே தொடங்குகிறது என்று உங்களால் கோடு கிழித்துக் காட்ட இயலாது. செதிள் இலையாகிறது, இலை சுருளாகிறது, சுருள் அடுத்த பலகைக்கு ஓடிவிடுகிறது. அன்னப் பறவையின் தோகையும் அப்படியே கொடியாகி நெளியும். விலங்கும் தாவரமும் இங்கே உறவு கொண்டாடுகின்றன.

மகர தோரணத்தின் உச்சியில் கோரமான முகம் ஒன்று இருக்கும். அதன் வாயிலிருந்து கொடியும் மணிமாலையும் வழியும். அதற்குக் கீர்த்திமுகம் என்று பெயர். சலந்தரன் என்னும் அசுரன், உமையம்மையைத் தனக்குத் தரவேண்டுமென இராகுவைச் சிவபெருமானிடம் தூது அனுப்பினானாம். இறைவனின் சினத்திலிருந்து சிங்கமுகப் பூதம் ஒன்று தோன்றிற்று. இராகு அடைக்கலம் புகுந்தான், இறைவன் பொறுத்தருளினான். ஆனால் பூதத்தின் பசி தணியவேண்டுமே! 'உன் உடலையே நீ உண்' என்று இறைவன் பணித்தான். அது மறுசொல் கூறாமல் கால்முதல் கழுத்துவரை உண்டு, முகம் மட்டும் எஞ்சி நின்றது. அதன் பணிவை மெச்சிய இறைவன் கீர்த்திமுகம் என்று பெயரிட்டுத் தன் வாயிலில் நிறுத்தினான் என்பது புராணம். இங்கிலாந்து நாட்டின் பழைய கிறித்தவக் கோயில்களிலும், வாயிலிருந்து இலைகள் தழைத்து வரும் மனித முகங்களைக் கல்லிலும் மரத்திலும் செதுக்கியிருக்கின்றனர். ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டது என்று கூறவேண்டுவதில்லை. உளி பிடித்த மனிதன் எங்கிருந்தாலும், முகத்தையும் இலையையும் இணைத்துப் பார்க்க விரும்பியிருக்கிறான் என்பதே நாம் அறியத்தக்கது.

மனிதன் கலந்த உருவங்கள் பல. இடைக்கு மேல் மனித வடிவும் கீழே பறவை வடிவுமாய் இசை மீட்டுபவர் கின்னரர். வண்டு மொய்க்கும் முன்னரே பூசைக்கு மலர் பறிக்க விரும்பி, மரமேறுவதற்காகப் புலிக்கால் வேண்டிப் பெற்றவர் வியாக்கிரபாதர். அவரோடு தில்லையில் ஆடல் கண்ட பதஞ்சலி முனிவர் இடைக்குக் கீழே பாம்பு. காமதேனு பெண்முகமும் பசுவின் உடலும் பறவைச் சிறகும் உடையது. ஒரு தலையை மறைத்தால் காளையாகவும், மறுதலையை மறைத்தால் யானையாகவும் தோன்றும் இடபகுஞ்சரம் என்றொரு விந்தையும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயிலில் அதனைக் கல்லில் காணலாம். அக்கோயிலின் முன்மண்டபமே சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேராக அமைந்திருப்பது நம் பொருளுக்கு மிகவும் பொருத்தம். மகளிர் ஒன்பதின்மர் தம்முள் பின்னிப் பிணைந்து ஒரு யானையாகும் நவநாரி குஞ்சரமும், ஐவர் சேர்ந்து ஒரு குதிரையாகும் பஞ்சநாரி துரகமும் சிற்பியின் நுண்ணறிவுக்குச் சான்றுகள்.

இவை அனைத்தினும் என் உள்ளத்தைத் தொட்டது புருஷாமிருகம். மனிதத் தலையும் விலங்குடலும் கொண்ட இது சிறந்த சிவபக்தன். சிவன் கோயில்களில் வாகனமாகவும் இருக்கும். இதைப் பற்றிச் செவிவழியாக வழங்கும் பாரதக் கிளைக்கதை ஒன்று உண்டு. தருமரின் வேள்விக்குப் புருஷாமிருகத்தை அழைத்துவரப் பீமன் சென்றான். 'நீ முன்னே ஓடு. என் எல்லையைக் கடக்குமுன் பிடித்துவிட்டால் உன்னைத் தின்பேன்' என்றது அது. பீமன் ஓடினான். அது நெருங்கும்போதெல்லாம் வழியில் ஒரு சிவலிங்கம் தோன்றும்படி செய்தான். அது நின்று வழிபட்டுவிட்டே தொடர்ந்தது. இறுதியில் பீமனின் ஒரு கால் எல்லைக்கு அப்பாலும் ஒரு கால் இப்பாலும் இருந்தபோது பிடித்துவிட்டது. வழக்கு தருமரிடம் வந்தது. 'பாதி உடல் புருஷாமிருகத்துக்கு உரியது' என்று தம் தம்பிக்கு எதிராகவே அவர் தீர்ப்பளித்தார். நடுநிலை தவறாத அத்தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்து, அது பீமனை விடுவித்தது. பாதி மனிதனும் பாதி விலங்குமான ஒன்று, பாதி உடலுக்காக நீதி கேட்டு நின்ற கதை இது.

சிற்பிகள் இவ்வாறு கலந்து செதுக்கியதற்குக் காரணம் யாது? தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறு படிகளாக வகுத்தார். புல்லும் மரமும் ஓரறிவுயிர், மக்கள் ஆறறிவுயிர். இலக்கண ஆசிரியர் படிகளைப் பிரித்துக் காட்டினார். மரத்தச்சரோ அப்படிகளை ஒரே பலகையில் மீண்டும் இணைத்துக் காட்டினார். மணிவாசகர் சிவபுராணத்தில் தாம் எடுத்து இளைத்த பிறவிகளை வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் தாவரமும் உண்டு, விலங்கும் உண்டு, மனிதரும் உண்டு. எல்லா உயிரும் ஒரே பயணத்தில் உள்ளன என்னும் எண்ணம் நம் மண்ணில் ஊறியது. அந்த எண்ணத்தைத் தேரின் அடிப்பலகையில் பார்த்துப் படித்துக்கொள்ளலாம்.

மற்றொரு காரணத்தை நான் எந்த நூலிலிருந்தும் கற்கவில்லை. ஒரு தச்சரிடமிருந்து கற்றேன். அதனைச் சொல்லுமுன் என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

1984ஆம் ஆண்டில், பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வரலாறு கற்பித்து வந்தேன். அவ்வூரில் பழைய தேர் ஒன்று ஓட்டம் நின்று, தகரக் கொட்டகையில் இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவர்களை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்றேன். அரசர் உருவங்களையும் போர்க் காட்சிகளையும் விளக்கினேன். மாணவன் ஒருவன் ஓரத்துப் பலகை ஒன்றின்முன் நின்றுவிட்டான். "ஐயா, இது மனிதரா, மிருகமா?" என்று வினவினான். அது புருஷாமிருகம். அன்று எனக்கு அப்பெயர் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் வெறும் கற்பனை, தேர்வுக்கு வராது. இங்கே வா" என்றேன். அவன் வந்துவிட்டான். கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

சில ஆண்டுகள் கழித்து ஊரார் தேரைப் புதுப்பிக்க முனைந்தனர். நல்ல எண்ணந்தான். ஆனால் பிரித்த பலகைகளைக் கணக்கெடுத்து வைப்பார் இல்லை. உளுத்தவை இவை, உறுதியானவை இவை என்று ஆராயாமலே ஒரு பகுதி விறகாக எடைபோட்டு விற்கப்பட்டது. வேலைக்கு வந்த முதிய ஆசாரியார், எஞ்சிய பலகைகளை அளவெடுத்து அவற்றைப் போலவே புதியன செதுக்கினார். நான் மாலைதோறும் சென்று அவர் வேலையைப் பார்ப்பேன்.

அவர் வைரம் பாய்ந்த இலுப்பைக் கட்டையையே தேர்ந்தெடுத்தார். வாய்ச்சியால் செதுக்கிச் சமனாக்கி, பலகையில் உருவத்தை வரைந்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு மெல்ல மெல்ல ஆழப்படுத்தினார். மகரத்தின் வால் ஏன் கொடியாக மாறுகிறது என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார்.

"வாத்தியார் ஐயா, வாலைத் தனியாக நீட்டிவிட்டால் வடம் இழுக்கிற அதிர்ச்சியில் ஒடிந்துபோகும். மரத்துக்கு ரேகை உண்டு. ரேகைக்குக் குறுக்கே மெல்லிசாக எதையும் நிறுத்தக்கூடாது. கொடியாகச் சுருட்டிப் பலகையோடு சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். யாளியின் துதிக்கை கீழே இறங்கி நிற்பதும் அதற்குத்தான்" என்றார்.

எனக்கு வியப்பு மேலிட்டது. புராணமும் தத்துவமும் சொல்லும் ஒற்றுமையை, மரத்தின் இயல்பும் அல்லவா வற்புறுத்துகிறது! விலங்கைக் கொடி தாங்குகிறது. கொடியை விலங்கு தாங்குகிறது. எல்லாம் சேர்ந்து தேரைத் தாங்குகின்றன. அழகு வேறு, பயன் வேறு என்று அந்த ஆசாரியார் பிரித்துப் பார்க்கவில்லை.

பின்னர் ஒருநாள் அவர் தேரின் ஓரத்தில் வெற்றிடமாய் இருந்த ஒரு சட்டத்தைக் காட்டி, "ஐயா, இந்த இடத்தில் என்ன இருந்தது என்று தங்களுக்கு நினைவிருக்கிறதா? முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது? கையில் என்ன இருந்தது? சொன்னால் அப்படியே செய்துவிடுவேன்" என்றார். அந்த மாணவன் நின்ற இடம் அது. அதற்குள் எனக்குப் புருஷாமிருகத்தின் பெயரும் கதையும் தெரிந்திருந்தன. ஆனால் அப்பலகையின் உருவம் நினைவில் இல்லை. நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பார்த்தவனையும் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். ஊராரைக் கேட்டோம். ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த மாணவனும் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டான். ஆசாரியார் சில நாள் காத்திருந்தார். "தெரியாததைத் தெரிந்ததுபோலச் செய்யக்கூடாது" என்று சொல்லி, அவ்விடத்தில் ஒரு தாமரைப் பூவைச் செதுக்கிப் பொருத்தினார். பூவும் அழகாகவே இருக்கிறது. ஆயினும் அதனைக் காணும்போதெல்லாம் என் உள்ளம் கூசுகிறது.

மாணவர்களே! இத்தகைய இழப்பு ஓர் ஊரோடு நின்றதன்று. பழந்தேர்ப் பலகைகள் பல கழன்று, கைமாறி, கடல் கடந்தும் சென்றுள்ளன. நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களை நாட்டை விட்டுக் கொண்டுசெல்லாதபடி 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஒரு பலகை எங்கிருந்தது, எப்படியிருந்தது என்று எவரும் குறித்துவைக்காவிட்டால், அது காணாமற் போனதைச் சட்டம் எவ்வாறு அறியும்?

நம்பிக்கைக்கும் இடமுண்டு. மாமல்லபுரத்தில் 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்துள்ளது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டிலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி ஓசை இன்னும் ஓய்ந்துவிடவில்லை.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிய செயல் ஒன்றும் அன்று. உங்கள் ஊர்த் தேரடிக்கு ஒரு குறிப்பேட்டுடன் செல்லுங்கள். கிழக்கு முகத்தில் தொடங்கி வலமாக வாருங்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண் கொடுங்கள். உருவம் எது, முகம் எத்திசை நோக்குகிறது, கையில் என்ன இருக்கிறது, எந்த உறுப்பு சிதைந்துள்ளது என்று எழுதுங்கள். வரைய இயன்றால் வரையுங்கள். படம் பிடிக்க இயன்றால் பிடியுங்கள். பெயர் தெரியாத உருவத்திற்கு 'பெயர் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அதில் இழிவு ஏதும் இல்லை. பிறகு ஊர்ப் பெரியவரிடமோ தச்சரிடமோ கேளுங்கள். அப்படி ஒரு மாணவர் எழுதிய குறிப்பேடு, நாளை ஒரு வெற்றிடத்தின்முன் உளியோடு காத்துநிற்கும் ஆசாரியாருக்கு விடையாகக்கூடும்.

என்றேனும் உங்களிலும் ஒருவர் ஆசிரியராகலாம். அன்று ஒரு சிறுவன் பலகை ஒன்றின்முன் நின்று, "இது மனிதரா, மிருகமா?" என்று கேட்டால், அவனை விரைவுபடுத்தாதீர்கள். அவனருகே நீங்களும் நின்று பாருங்கள்.